"புரிஞ்சுதா?" என்று கேட்காத அண்ணாச்சி

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மே பிறந்துவிட்டால் ஓய்வு கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கிவிட்டால் செப்டம்பர் வரை மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர் எப்படிப் பேசுகிறார் என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. நான் பார்த்தவர்களில் அதை நன்றாகச் செய்தவர் எங்கள் பழைய சைட் இன்சார்ஜ். வள்ளியூர்க்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

காலையில் வண்டி கிளம்புமுன் எல்லோரையும் நிறுத்தி அன்றைய வேலையைச் சொல்வார். மற்ற இடங்களில் சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்பார்கள், எல்லாத் தலையும் ஆடும். இவர் அப்படிக் கேட்கவே மாட்டார். இருப்பதிலேயே இளையவனைப் பார்த்து, "ஏல தம்பி, இப்ப எங்க போறோம், என்ன செய்யப் போறோம், நீ சொல்லு பாப்போம்" என்பார்.

ஒரு நாள் டிரான்ஸ்பார்மர் வேலை. 33 கேவி லைனில் எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட்டு, மிச்ச மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் டிஸ்சார்ஜ் ராடு மாட்டிய பிறகுதான் கை வைக்கலாம். புதிதாகச் சேர்ந்த பையன் இத்தனையையும் வரிசையாகச் சொன்னான். மெஷின் நம்பர் மட்டும் மாறிவிட்டது. அவன் சொன்ன மெஷின் பக்கத்து ஃபீடரில், அதாவது வேறொரு மின்பாதையில் இருப்பது. அங்கே லைனில் மின்சாரம் இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இவன் காதுல அப்படி விழுந்திருக்குன்னா இன்னும் யாருக்கோ அப்படித்தான் விழுந்திருக்கும்" என்று சொல்லி, சாக்பீஸால் ஜீப் கதவில் நம்பரைப் பெரிதாக எழுதினார். பின்னால் நின்ற சீனியர் ஒருவர் மெல்ல, "நானும் அந்த மெஷினுன்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி" என்றார். பையனுக்குத் திட்டு விழுந்திருந்தால் அந்த சீனியர் வாயே திறந்திருக்க மாட்டார்.

பயிற்சி வகுப்புகளில் மேடைப் பேச்சு, உடல்மொழி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் கீழே இருப்பவன் "எனக்கு விளங்கல" என்று பயமில்லாமல் சொல்லும்படி நடந்துகொள்வதுதான் பெரிய திறமை என்று உறுதியாக நம்புகிறேன். நம்ம ஊரில் அது லேசில் நடக்காது. மூத்தவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். அதனால் கேட்கும் வேலையை அண்ணாச்சி தன் தலையில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்வார். கண்டிக்க வேண்டியிருந்தால் ஆளைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப் போவார்.

அப்புறம் எங்கள் மதினி. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குத் தலைவி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரை ஏறிய சமயம். டவுனில் என் தங்கச்சி வேலை பார்த்த இடத்தில், வர வேண்டுமா வேண்டாமா என்று மேலேயிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சம்பளம் பிடிப்பார்களோ என்று பயந்து முழங்கால் தண்ணீரில் போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

மதினி அந்த நாட்களில் காலையும் மாலையும் குழுக்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார். போன் கிடைத்த வீட்டுக்குப் போன், கிடைக்காத தெருவுக்கு ஆள். எல்லோரும் கேட்டது கடன் தவணையைத்தான். "தள்ளிவைக்கிறது என் கையில இல்ல. பேங்குல கேட்டிருக்கேன். வியாழக்கெழம என்ன நெலவரம்னு வந்து சொல்லுதேன்" என்றார். வியாழக்கிழமையும் பேங்கிலிருந்து பதில் வரவில்லை. அதையும் நேரில் போய்ச் சொன்னார். சிலர் கோபப்பட்டார்கள். உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஆனால் ஒருவர்கூட வதந்தியை நம்பி பேங்க் வாசலில் போய் நிற்கவில்லை.

இப்போது என் டீமில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். அவர்களிடம் வாயால் சொல்லச் சொன்னால் போதவில்லை, அதனால் செய்து காட்டச் சொல்கிறேன்: எந்த சுவிட்ச், எந்தப் பூட்டு, சாவி யார் பையில். காலையில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகிறது. காற்றுக் காலத்தில் அதற்கு மேலிடத்தில் முணுமுணுப்பு உண்டு. நான் விட்டுக்கொடுப்பதில்லை.