‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’: எந்தப் பதிவு, எந்த இடம்?

இசைப்பித்தன்
பாட்டு எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். எனக்குப் பிடிச்சது, விட்னி ஹூஸ்டன் ‘தி பாடிகார்ட்’ படத்துக்காகப் பாடின 1992 பதிவு. கிர்க் வேலம் வாசிச்ச சாக்ஸபோன் முடிஞ்சதும் மூணாவது சரணம். அது முடியுற இடத்துல குரல் தணிஞ்சு அடங்குது, வாத்தியமும் நின்னுடுது. அப்புறம் டிரம்ஸ்ல ஒரே ஒரு அடி, அதோட சேர்ந்து குரல். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த இடைவெளி என்னை விட மாட்டேங்குது.

அதுவரை ஏ மேஜர், நம்ம கணக்குல ஆறு கட்டை. அடிக்கு அப்புறம் பி மேஜர், ஏழு கட்டை. சாதாரணமா சுருதி மாத்துறப்போ நடுவுல ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்களை) போட்டுக் காதைத் தயார் பண்ணுவாங்க. இங்க அந்த வேலையை மௌனம் பண்ணுது. பழைய சுருதி காதுல மங்குற நேரத்துல புதுசு வந்து இறங்குறதாலதான் முழுசா ஒரு கட்டை ஏறினது அவ்வளவு பெருசாத் தெரியுது.

உங்களுக்குப் பிடிச்சது எந்தப் பதிவு, எந்த இடம்?

வினைல் வேலு
பாட்டை எழுதிய டாலி பார்ட்டனின் மூலப் பதிவு, மூணாவது சரணம். அதை அவர் பாடவில்லை, பேசுகிறார். நாஷ்வில் ஆர்சிஏ ஸ்டூடியோ பி-யில் 1973-ல் பதிவானது, 1974-ல் ‘ஜோலீன்’ ஆல்பத்தில் வந்தது. பின்னணி மெலிதாக ஓட, எதிரில் இருப்பவரிடம் சொல்வது போல வாழ்த்திவிட்டு மறுபடி பல்லவிக்குப் போகிறார். விட்னியின் டிரம்ஸ் அடியை விட அந்தப் பேச்சுக்குரல்தான் எனக்குக் கனமாகப் படுகிறது.

காரணம், பாட்டு பிறந்த விதம். 1967 முதல் கன்ட்ரி இசைப் பாடகர் போர்ட்டர் வேகனரின் டிவி நிகழ்ச்சியில் பாடிவந்த டாலி, தனியாகப் போக முடிவு செய்து, அதை அவரிடம் வாயால் சொல்ல முடியாமல் எழுதிய பாட்டு இது. காதலர்கள் பிரியும் பாட்டு என்று உலகம் எடுத்துக்கொண்டது. அடியில் இருப்பது ஒரு தொழில் பிரிவு.

இன்னொன்று, பித்தன் சொல்லும் அந்த மௌனத்துக்கு முன்னால் வரும் சரணம் விட்னி பதிவில் இல்லாமலே போயிருக்கும். தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் இருந்தது பாடகி லிண்டா ரொன்ஸ்டாட்டின் 1975 பதிவு. அதில் இரண்டு சரணம்தான். டாலியிடம் தொலைபேசியில் பேசும்போதுதான் மூணாவது ஒன்று இருப்பதே ஃபாஸ்டருக்குத் தெரிந்தது. டாலி சொன்ன பிறகே அது சேர்ந்தது.

மலர்விழி
வேலு சார், ரொன்ஸ்டாட் ஏதோ பாதியை விட்டுட்ட மாதிரி எழுதியிருக்கீங்க. ‘ப்ரிசனர் இன் டிஸ்கைஸ்’ ஆல்பத்தை முழுசாக் கேட்டுப் பாருங்க. அவங்க பதிவுல வாழ்த்து கிடையாது. போறவ போறா, அவ்வளவுதான். அந்த முடிவும் நியாயமானதுதான். பதினேழு வருஷம் கழிச்சு ஹாலிவுட் அந்த இரண்டு சரணத்தைக் கேட்டுத்தான் பாட்டைத் தேர்ந்தெடுத்தது.

அதுவும் இரண்டாவது தேர்வாத்தான். படத்துக்கு முதல்ல யோசிச்சது ‘வாட் பிகம்ஸ் ஆஃப் தி ப்ரோக்கன்ஹார்ட்டட்’. அதை ‘ஃப்ரைடு கிரீன் டொமேட்டோஸ்’ படத்துல ஏற்கெனவே பயன்படுத்திட்டாங்க. அதுக்கப்புறம்தான் படத்தோட நாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைச் சொன்னார். வாத்தியமே இல்லாம ஆரம்பிக்கணும்னு பிடிவாதமா நின்னதும் அவர்தான்.

கீபோர்டு கண்ணன்
மலர்விழி மேடம் சொன்ன அந்த வாத்தியமில்லாத ஆரம்பம்தான் மேடையில் இந்தப் பாட்டைக் கொல்கிறது. முக்கால் நிமிடம் போல குரல் தனியாகப் போகும். பாடகிக்குத் தெரியாமலே சுருதி கால் பங்கு இறங்கிவிடும். சபைக்கும் தெரியாது. பேண்ட் உள்ளே வரும் முதல் கார்டில்தான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். அந்த நொடியில் பாடுபவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், அடுத்து பாடப்போகிறவர்களுக்கு உதவும்.

பாடகியின் இயர்பீஸிலோ மானிட்டரிலோ மட்டும் கேட்கும்படி, கீபோர்டில் தாழ்வான ஒரு ‘ஏ’ ஸ்வரத்தை மெல்லிய பேட் ஒலியில் பிடித்துக்கொண்டே இருங்கள். வெளி ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது. வீட்டில் பழகும்போது தம்புரா ஆப்பை ஆறு கட்டையில் வைத்துப் பழகலாம், ஆனால் அதை நம்பியே பழகிவிடக் கூடாது. கடைசி சில நாள் தொடக்க ஸ்வரத்தை மட்டும் கேட்டுவிட்டு ஆப்பை நிறுத்தி, முதல் சரணமும் பல்லவியும் பாடி முடித்த பிறகு மறுபடி போட்டுச் சரிபாருங்கள். பெரும்பாலும் நீண்ட ஸ்வரங்களின் வாலில், மூச்சு தீரும் இடத்தில்தான் சுருதி இறங்கும். எந்த இடத்தில் நழுவுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பேண்ட் உள்ளே வரும்போது எல்லோரும் ஒன்றாக விழ வேண்டாம். கீபோர்டு மட்டும் மெல்ல வரட்டும். பாடகி அதைப் பிடித்துக்கொண்ட பிறகு பேஸ், கிடார், டிரம்ஸ். சரியாக அரைக் கட்டை நழுவியிருந்தால் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கிடாரும் பேஸும் அப்படி நொடியில் மாற முடியாது, அதை முயலாதீர்கள்.

கட்டை குறைப்பதில் ஒரு சிக்கல். முடிவு எட்டவில்லை என்று நாலு அரைக் கட்டை இறக்கினால், ஏற்கெனவே தாழ்வாக இருக்கும் தொடக்க வரிகள் பெண் குரலில் கேட்காமலே போகும். இரண்டு அரைக் கட்டை, மிஞ்சினால் மூன்று. அப்போதும் எட்டவில்லையென்றால் முடிவில் கட்டையை ஏற்றாமல் அதே சுருதியில் முடியுங்கள். மௌனமும் அடியும் இருந்தாலே பாட்டு நிற்கும்.

அந்த மௌனத்துக்கு மிக்ஸர் முன்னால் இருப்பவரிடம் சொல்லிவைக்க வேண்டும். குரலில் போட்டிருக்கும் ரிவர்ப், டிலே என்ற எதிரொலிகள் இரண்டும் வால் நீண்டால் மௌனம் நிரம்பிவிடும். அங்கே மட்டும் ரிவர்ப் ஃபேடரை இறக்கி, அடி விழுந்ததும் ஏற்றுங்கள். டிரம்மர் மனதுக்குள் எண்ணக் கூடாது. பாடகி மூச்சை இழுக்கும் தோளைப் பார்த்து அடிக்க வேண்டும்.

கரோக்கி டிராக்கில் இதெல்லாம் நடக்காது. தொடக்கத்தில் தாளமே இல்லாமல் இழுத்துப் பாடும் பகுதியை டிராக் ஒரே வேகத்தில் பூட்டிவைத்திருக்கும்.

இசைப்பித்தன்
கண்ணன் அண்ணே, முடிவுல கட்டையை ஏத்தாம பாடினா அது வேற பாட்டு. ஒத்துக்க முடியல. ரிவர்ப் விஷயம் சரி.

ராயல்டி ரவி
இந்தப் பாட்டில் என்னை உறுத்துவது ஒரு பதிவே ஆகாத கவர், அதாவது வேறொருவர் மறுபடி பாட இருந்தது. எல்விஸ் பாட இருந்தார். அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் பதிப்புரிமையில் பாதி கேட்டார், டாலி மறுத்தார். இதை எல்லோரும் டாலியின் துணிச்சலாக மட்டும் சொல்கிறார்கள். சட்டத்தையும் பாருங்கள். ஒரு பாட்டு அமெரிக்காவில் ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்டால், அடுத்தவர் அதைப் பாடி வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிரதிக்கு இவ்வளவு என்று கட்டினால் போதும், இதுதான் கட்டாய உரிமம். அன்றைக்கு அது 2 சென்ட். அதாவது எல்விஸ் கேட்காமலே பாடியிருக்கலாம். தடுத்தது டாலி இல்லை, பார்க்கரின் நிபந்தனை.

சினிமா வேறு. படத்தில் காட்சியோடு சேர்க்க அந்தக் கட்டாய உரிமம் செல்லாது, பதிப்பாளரின் தனி அனுமதி வேண்டும். டாலியின் சொந்த நிறுவனமான வெல்வெட் ஆப்பிள் கையில் முழு உரிமையும் இருந்ததால்தான் 1992-ல் அந்த அனுமதிப் பேச்சு நேராக அவரிடம் வந்தது.

அமெரிக்காவில் எஃப்எம் வானொலி பாடியவருக்குப் பணம் தருவதில்லை, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான். விட்னி பதிவு அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் 14 வாரம் முதலிடத்தில் இருந்தபோது, அங்கே வானொலியில் அது ஒலித்த ஒவ்வொரு முறையும் காசு டாலிக்குப் போனது. பாதியைக் கொடுத்திருந்தால் அதில் பாதி போயிருக்கும்.

கல்யாண வீடியோவுக்கு இதைப் போடுகிறவர்களும் கவனியுங்கள். நீங்களே பாடிப் பதிந்தாலும் யூடியூபில் பாட்டின் உரிமை வேறொருவருடையது. வருமானம் அவருக்குப் போகலாம், வீடியோ முடங்கவும் செய்யலாம்.

மலர்விழி
கல்யாணத்துக்கே போடக் கூடாத பாட்டுங்க அது! பிரிஞ்சு போறவ விடை சொல்ற பாட்டு.

வினைல் வேலு
ரவி, நல்ல தகவல். டாலி அதே பாட்டை ‘தி பெஸ்ட் லிட்டில் ஹோர்ஹவுஸ் இன் டெக்ஸஸ்’ படத்துக்காக மறுபடி பாடினார், அது 1982-லும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். 1974-லும் முதலிடம். 1995-ல் வின்ஸ் கில்லோடு மூன்றாம் முறை, அப்போது 15-ஆம் இடம் வரை. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

டேப்ரெக்கார்டர்
எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க. ‘தி பாடிகார்ட்’ படத்துலயே இந்தப் பாட்டு முதல்ல ஆண் குரல்ல வருது. பார்ல விட்னியும் காஸ்ட்னரும் ஆடுறப்போ பின்னால ஓடுறது ஜான் டோங்கிற பாடகர் பாடின பதிவு. சோகப் பாட்டுன்னு அவ சிரிக்கிறா. கடைசியில அதையே அவ பாடுறா. சவுண்ட்டிராக் ஆல்பத்துல தேடாதீங்க, அதுல இல்ல. ஆண் குரலுக்கு எப்படி அமைக்கணும்னு கேக்குறவங்க கண்ணன் சொன்ன கணக்கை விட்டுட்டு அதைக் கேளுங்க. ஏத்தமும் இல்ல, அடியும் இல்ல. தாளத்தோட நேரா நடந்து போகுது.