வாடகை பாக்கிக்கு வீட்டைப் பூட்டலாமா?

வேளச்சேரிவாசி:
எங்கள் தெருவில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தது. மூன்று மாத வாடகை பாக்கி. திரும்பி வந்தால் கதவில் ஓனர் போட்ட புதுப் பூட்டு. ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் நியாயமா?

மாடிவீடு:
பாக்கி வைத்தது நியாயமா? நானும் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன், அந்த வாடகையில்தான் வங்கிக் கடன் கட்டுகிறேன். கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும். பூட்டினால் ஒரே நாளில் பணம் வரும்.

கறுப்புக்கோட்டு:
வரும், கூடவே வழக்கும் வரும். 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்லலாம். ஆனால் அந்த உத்தரவை வாடகை நீதிமன்றம்தான் தர வேண்டும். தண்ணீர், கரண்ட்டை நிறுத்துவதற்கும் அதே சட்டத்தில் தடை. இப்படி வெளியே பூட்டப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் Specific Relief Act என்ற சட்டத்தின் பிரிவு 6-இன் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்பலாம். அங்கே வீடு யாருடையது என்பது கேள்வியே இல்லை. யார் குடியிருந்தார், சட்டப்படி வெளியேற்றப்பட்டாரா, அவ்வளவுதான்.

சும்மாஇரு:
எதற்குக் கோர்ட்? பூட்டை உடைத்து உள்ளே போக வேண்டியதுதானே.

கறுப்புக்கோட்டு:
வேண்டாம். நாளைக்கே ஓனர் திருட்டுப் புகார் கொடுப்பார். பூட்டைப் போட்டோ எடுங்கள், உள்ளே இருக்கும் பொருள்களைப் பட்டியல் போடுங்கள். கேஸ் சிலிண்டர் ரசீது, வாடகை அனுப்பிய வங்கிக் கணக்கு எல்லாம் குடியிருந்ததற்குச் சான்று. கரண்ட் பில் பெரும்பாலும் ஓனர் பெயரில்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் பெற்றதற்கான ரசீது, கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

மாடிவீடு:
அப்போ குடித்தனக்காரருக்குப் பொறுப்பே கிடையாதா?

கறுப்புக்கோட்டு:
ஏன் இல்லை? பூட்டு தப்பு என்பதால் பாக்கி கழியாது. ஓனர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம், கட்டாமல் இருக்க அது சாக்கு அல்ல. ஒப்பந்தம் முடிந்தும் நகராமல் இருந்தால் இருமடங்கு வாடகை கேட்கவும் இடமிருக்கிறது.

வேளச்சேரிவாசி:
மாடிவீடு சார், அந்த ஓனர் பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். மூன்று மாத பாக்கிக்கு எதற்குப் பூட்டு?

மாடிவீடு:
அட்வான்ஸ் காலி செய்யும்போது பெயிண்ட், ரிப்பேருக்கு. அதில் வாடகை கழிக்க ஆரம்பித்தால் ஒருத்தரும் மாதாமாதம் தர மாட்டார்கள்.

வேளச்சேரிவாசி:
ஏழு மாத வாடகைக்கா பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள்?