அன்ட்ரொய்டா, ஐபோனா: அம்மாவுக்குப் போன் தெரிவுசெய்த கதை

மட்டக்களப்புத் திருகோணமலை வீதியில் எந்தப் போன் கடைக்குள் நுழைந்தாலும், "எவ்வளவுக்குப் பார்க்கிறீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. விலை முக்கியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டிய பிறகு, போன் வாங்குவது ஒரு குடும்பமே கூடி முடிவெடுக்கிற காரியமாகிவிட்டது. ஆனால் யாருக்கு வாங்குகிறோம், எத்தனை வருடம் அது உழைக்க வேண்டும் என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்துக்கொண்டால், அன்ட்ரொய்டா ஐபோனா என்ற வழக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது அம்மாவின் போனால். அவர் கொக்கட்டிச்சோலையில் இருக்கிறார், அண்ணன் கட்டாரில். இருவருக்கும் இடையில் உள்ள ஒரே பாலம் வட்ஸ்அப். 2025 தொடக்கத்தில் அன்ட்ரொய்ட் 4.4 பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் வட்ஸ்அப் தன் ஆதரவை நிறுத்தியபோது, அம்மாவின் பழைய போனும் அந்த வரிசையில் நின்றது. அதே ஆண்டு மே மாதத்தில், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 15.1க்குக் குறைந்த பதிப்போடு நின்றுவிட்ட ஐபோன்களுக்கும் இதுவே நேர்ந்தது. ஆகவே பழையதாகிப் போவது ஒரு தரப்புக்கு மட்டும் உரிய குறையல்ல.

அண்ணன் தான் பாவித்த ஐபோன் 13ஐ அனுப்புவதாகச் சொன்னார். "தம்பி, ஐபோன் எண்டா வருசக்கணக்கா அப்டேட் வரும், நீ யோசிக்காத" என்பது அவருடைய வாதம். அதில் உண்மை இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024இல் வந்த ஐஓஎஸ் 18ஐயும் ஏற்றுக்கொண்டது. முன்பெல்லாம் அன்ட்ரொய்ட் போன்களில் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இன்று அந்த நிலைமை மாறியிருக்கிறது: 2023இல் கூகுள் தன் பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் சாம்சுங் தன் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு மேம்படுத்தல்களை உறுதியளித்தன, சாம்சுங் ஏ16 போன்ற நடுத்தர விலைப் போனுக்கே ஆறு ஆண்டு என்கிறார்கள். ஆனால் எல்லா அன்ட்ரொய்ட் போனுக்கும் இது பொருந்தாது. ஒரே விலையில் அருகருகே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு போன்களில் ஒன்றுக்கு ஆறு ஆண்டும் மற்றதற்கு இரண்டு ஆண்டும் இருக்கக்கூடும். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதோ கமராவின் மெகாபிக்சலைத்தான். மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு போய், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

எங்களைப் பொறுத்தவரை, வழக்கைத் தீர்த்தது தமிழ்தான். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித் தட்டுவது சிரமம். ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகள் உள்ளுக்குள்ளேயே இருக்கின்றன. தட்டெழுதத் தெரிந்தவருக்கு அவை மிக நன்று. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது தட்டாமல் பேசியே எழுதுவது. அன்ட்ரொய்டில் கூகுளின் விசைப்பலகையோ பேச்சைத் தமிழ் எழுத்தாக்குகிறது, அதன் மொழிப் பட்டியலில் தமிழ் (இலங்கை) என்று தனித் தெரிவே இருக்கிறது. நான் அம்மாவைக் கடைக்கே கூட்டிப்போய், காட்சிக்கு வைத்திருந்த போனில் அந்தத் தெரிவை வைத்து, மைக் அடையாளத்தை அழுத்திக் கையில் கொடுத்தேன். அவர் போனை வாய்க்கு நேரே பிடித்து, "மனே, நெல்லுக் காயப் போட்டிருக்கு, மழை வரப் பாக்குது, பிறகு கதைக்கிறன்" என்றார். கடைசிச் சொல்லை மட்டும் 'கதைக்கிறேன்' என்று திருத்தி, மற்றதை அப்படியே எழுதியது. அம்மா அந்த வரியைத் தானே மெதுவாக வாசித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மைக்கை அழுத்தினார். அந்த இடத்திலேயே என் மனம் முடிவாகிவிட்டது.

அண்ணனின் ஐபோன் வீணாகவில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கைக்கு அது போயிற்று. உறவுக்காரர் கொடுப்பதாயினும் பாவித்த போனைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். *#06# என்று அழுத்தி, அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். பதிவில்லாத புதிய போன்கள் இங்குள்ள வலையமைப்புகளில் இயங்காது என்று 2025 ஜனவரியில் ஆணைக்குழு அறிவித்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் போன்களில் இதை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். அங்கிருந்து அன்பளிப்பாக வருவதை வாங்குமுன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்முனையில் என் நண்பர் ஒருவர் மலிவாகக் கிடைத்த ஐபோனை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் ரீசெட் செய்தபோது, அது முன்னைய உரிமையாளரின் அப்பிள் கணக்கைக் கேட்டு நின்றுவிட்டது. விற்றவரைப் பிறகு பிடிக்க முடியவில்லை. பழைய கணக்கு நீக்கப்பட்டு, போன் முதலிலிருந்து தொடங்குவதைக் கண்ணால் பார்க்காமல் காசைக் கொடுக்கவே கூடாது. ஐபோன் 12 முதலான போன்களின் அமைப்புப் பகுதியில், திரையோ பற்றரியோ மாற்றப்பட்டிருந்தால் அதையும் காட்டும். பற்றரியின் எஞ்சிய கொள்ளளவும் வீதத்தில் தெரியும். ஐபோன் 13இன் பற்றரி முழுமையாக ஐந்நூறு தடவை சார்ஜ் ஆன பிறகும் எண்பது வீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதை வைத்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம்.

பக்கம் மாறுவதில் உள்ள கரைச்சலையும் சொல்ல வேண்டும். தங்கை அதுவரை அன்ட்ரொய்டில் இருந்தவள். வட்ஸ்அப் உரையாடல்களை ஐபோனுக்கு நகர்த்த முடியும், ஆனால் ஐபோனை முதன்முதலில் தொடங்கும் அந்த வேளையிலேயே, மூவ் டு ஐஓஎஸ் என்ற செயலி வழியாகச் செய்ய வேண்டும். கூகுள் டிரைவில் இருக்கும் காப்புப் பிரதியை ஐபோன் நேரே எடுத்துக்கொள்ளாது. இலவச இடமும் கூகுளில் 15 ஜிபி, அப்பிளின் ஐகிளவுட்டில் 5 ஜிபி. விரிவுரைக் குறிப்புகளைப் படமெடுத்து வைக்கும் மாணவிக்கு ஐந்து போதவில்லை. மாதக் கட்டணம் கட்டித்தான் சமாளிக்கிறாள்.

பழுதுபார்ப்பதற்கு அப்பிளின் சொந்தக் கடை இலங்கையில் எங்கும் இல்லை. காத்தான்குடியில் எங்களுக்குப் பழக்கமான நானா ஒருவர் இரண்டு வகையையும் திறப்பார். ஆனால் நடுத்தர சாம்சுங் திரை அவர் கைவசம் இருக்கும், ஐபோன் திரைக்கு அவர் கொழும்புக்குச் சொல்லி எடுக்க வேண்டும், விலையும் கூட. அம்மாவின் போனுக்கு ஏ16ஐத் தெரிவுசெய்ததில் இதற்கும் பங்குண்டு. நிறுவன உத்தரவாதமா, கடை உத்தரவாதமா என்று கேட்டு, இரண்டு ஐஎம்இஐ எண்களையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்து வாங்கினேன். அம்மா இப்போது அண்ணனுக்குக் குரலிலேயே எழுதி அனுப்புகிறார், முற்றுப்புள்ளி மட்டும் வருவதில்லை.