கண் திறந்திருக்கிறது, உடம்பு அசையவில்லை, கொசுவலைக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள்

தன்லின்_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். நான் தன்லினில் இருக்கிறேன், வயது 29. பாலத்தைத் தாண்டி ரங்கூனில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் தாய்லாந்தில் வேலையில் இருக்கிறார், வீட்டில் நானும் அத்தையும் மட்டும்தான். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் படும் பாடு உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு வருகிற வாரங்களில் அந்த நேரத்துக்கு எழுந்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, மறுநாளுக்குச் சோறு வைத்து, ஃபோன், விளக்கு, பேட்டரி எல்லாவற்றையும் சார்ஜில் போட்டு, துணியையும் தேய்த்துவிட்டு மறுபடி படுக்க இரண்டரை ஆகிவிடும். படுத்துக் கண் அயர்ந்த கொஞ்ச நேரத்தில் விழிப்பு வருகிறது. கண் திறந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் சார்ஜரின் பச்சை வெளிச்சத்தில் கொசுவலையில் நான் கறுப்பு நூலால் தைத்த கிழிசல் கூடத் தெரிகிறது. ஆனால் ஒரு விரல் அசையாது. நெஞ்சின்மேல் ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்தது போல இருக்கும். வலைக்கு வெளியே, கால் பக்கம், ஓர் ஆள் நிற்பார். முகம் தெரியாது. ஒரு தடவை அவர் வலையைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெதுவாக இழுத்தார், துணி இழுபடுவதை நான் பார்த்தேன். "அத்தை, அத்தை" என்று கத்துகிறேன், சத்தம் வெளியே வரவில்லை. அப்புறம் எல்லாம் ஒரே நொடியில் விட்டுப்போகும். இந்த மாதத்தில் மட்டும் நான்கு தடவை.

அத்தை இது அமுக்குவான் என்கிறார். தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி வைத்திருக்கிறார், பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் போய் மந்திரித்து வரலாம் என்கிறார். பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி தயே, அதாவது பேய், என்று சொல்லி வீட்டு வாசலில் பூ வைக்கச் சொன்னார். ஒரு கிளினிக்கில் காட்டினேன், நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேஸ் தொந்தரவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் புத்தி பிசகுகிறதா என்பதுதான் பயமே. உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

இரவு_டூட்டி

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், நைட் டூட்டி மாறி மாறி வந்த காலத்தில் எனக்கே இது வந்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது அந்தப் பயம் அப்படியே வயிற்றில் திரும்பி வந்தது.

இதற்குப் பெயர் ஸ்லீப் பராலிசிஸ், தூக்க வாதம் என்றும் சொல்வார்கள். நாம் தூங்கும்போது கண்மணிகள் இமைக்குள் வேகமாக ஓடுகிற ஒரு கட்டம் உண்டு, ரெம் தூக்கம் என்பார்கள், 1953ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வரும். கனவில் ஓடினால் நிஜத்திலும் எழுந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக, மூளையின் அடித்தண்டு அந்த நேரம் கை, கால், கழுத்துத் தசைகளுக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறது. கண்ணுக்கும் உதரவிதானத்துக்கும் மட்டும் பூட்டு இல்லை, அதனால்தான் பார்க்க முடிகிறது, மூச்சும் நிற்பதில்லை. சில நேரம் நமக்கு விழிப்பு முந்திக்கொள்கிறது, பூட்டுத் திறக்கக் கொஞ்சம் தாமதமாகிறது. உங்களுக்கு நடப்பது அதுதான்.

அரிசி மூட்டைக்கும் இதே காரணம்தான். விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசைகளும் அப்போது தளர்ந்திருக்கும். பயத்தில் நீங்கள் ஆழமாக மூச்சு இழுக்கப் பார்க்கிறீர்கள், நெஞ்சு விரிந்து கொடுக்கவில்லை, யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்த நேரம் முழுக்க மூச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, இதை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோய்க்காகச் சிகிச்சையில் இருந்த ஒரு பெண்ணின் மூளையில், இடது காதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பகுதியைச் சின்ன மின்சாரத்தால் தூண்டினார்கள். பின்னால் ஒரு நிழல் ஆள் இருப்பதாகச் சொன்னாராம். அவர் உட்கார்ந்தால் அந்த நிழலும் உட்கார்ந்தது. 2006ல் வெளியான ஆய்வு இது. நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கிற இடம் அது, அந்தக் கணக்குக் குழம்பினால் நம் உடம்பையே வேறொருவராக உணர்கிறோம் போல. தூக்க வாதத்தில் வருகிற ஆளுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். கனவும் இன்னும் முழுசாகக் கலைந்திருக்காது, அது உங்கள் அறையையும் உங்கள் கொசுவலையையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வரைகிறது.

கரண்டைப் பற்றி எழுதினீர்களே, முக்கியமான விஷயமே அதுதான், கிளினிக்கில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். ஜப்பானில் 1992ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. தூங்குகிறவர்களை ராத்திரி நடுவில் எழுப்பி, ஒரு மணி நேரம் விழித்திருக்க வைத்து, திரும்பத் தூங்க விட்டார்கள். சிலருக்கு ஆய்வகத்துக் கட்டிலிலேயே தூக்க வாதம் வந்துவிட்டது, ஏனென்றால் அப்படி இடையில் அறுந்த தூக்கத்தில் நேராக ரெம் கட்டத்துக்குள் விழுந்துவிடுகிறோம். ஒரு மணிக்கு எழுந்து இரண்டரைக்குப் படுக்கிற உங்கள் ராத்திரியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தனியாக இருக்கிறோம் என்றும் நினைக்காதீர்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2011ல் கணக்குப் போட்டபோது, பொதுமக்களில் நூற்றுக்கு 7 அல்லது 8 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்திருந்தது, மாணவர்களில் 28 பேருக்கு.

மல்லாந்து படுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுங்கள். வந்துவிட்டால் எழுந்திருக்கப் போராட வேண்டாம், கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். ஆனால் பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, விழுந்து விழுந்து சிரிக்கும்போது முழங்கால் மடங்கிப் போனாலோ கட்டாயம் நரம்பு டாக்டரிடம் போங்கள், அது நார்கோலெப்சி என்ற வேறு நோயாக இருக்கலாம்.

மண்டலே_தையல்காரன்

அக்காமார்களே, எனக்கு விழிக்கும்போது வருவதில்லை, தூங்கப் போகும்போது வருகிறது. 2025 மார்ச் 28 பகல் 12.50க்குப் பூமி ஆடியதே, 7.7, அப்போது நான் கடையில் மெஷினில் இருந்தேன். சுவர் விழுந்ததைப் பற்றி எழுத வரவில்லை. அதற்கு அப்புறம் வெகுநாள் தெருவில் பாய் போட்டுத்தான் படுத்தோம், பின்னதிர்ச்சி வந்துகொண்டே இருந்தது.

இப்போது வீட்டுக்குள் படுக்கிறோம். ஆனால் கண் சொக்குகிற அந்த நேரத்தில் கட்டில் ஆடுகிறது, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுகிறேன். மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளரைப் பார்ப்பேன், தண்ணீர் அலுங்காமல் இருக்கும். இப்போது தினமும் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். சில ராத்திரி தலைக்குள்ளேயே டமார் என்று ஒரு வெடி. மனைவிக்குக் கேட்கவில்லை. வலியும் இல்லை. இன்னொன்று, பயமில்லாதது: நாள் முழுக்கத் தைத்த அன்று கண்ணை மூடினால் ஊசி மேலும் கீழும் போவது தெரிகிறது, துணி நகர்வது கூட. எல்லாம் ஒரே விஷயம்தானா?

இரவு_டூட்டி

தம்பி, எல்லாம் ஒரே வாசற்படியில் நடப்பவைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு. தூங்கப் போகும்போது உடம்பு தூக்கிப்போடுவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு, பயமும் களைப்பும் இருந்தால் கூடும். தலைக்குள் வெடிக்கு எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சிண்ட்ரோம், அதாவது தலை வெடிக்கும் நோய்க்குறி, என்று பெயர், பெயர்தான் பயங்கரம், ஆபத்து இல்லை. அமெரிக்காவில் ஒரு நரம்பு டாக்டர் 1876லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஊசிக்கு ஓர் அழகான விளக்கம் உண்டு. 2000ல் ஹார்வர்டில் சிலரை டெட்ரிஸ் என்ற, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் வீடியோ கேமை விளையாட வைத்துவிட்டு, தூங்கப் போகும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். கட்டைகள் விழுவது தெரிகிறது என்றார்கள் பலர். நினைவு இழந்த நோயாளிகளும் அதில் இருந்தார்கள், விளையாடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை, ஆனாலும் அவர்களில் சிலர் கட்டைகளைப் பார்த்தார்கள்! அன்றைக்குப் பார்த்த வேலையை மூளை அந்த நேரத்தில் மடித்து வைக்கிறது. ஆனால் அந்தக் கட்டில் ஆட்டத்தைச் சும்மா விடாதீர்கள் தம்பி, பகலிலும் பதற்றம் இருந்தால், பிள்ளையை விட்டு வெளியே போக முடியாமல் இருந்தால், மனநல மருத்துவரிடம் பேசுங்கள். மண்டலேயில் எத்தனையோ பேருக்கு இது இருக்கிறது.

மோல்மேன்_தாத்தா

நர்ஸ் அம்மா சொன்னது எல்லாம் சரி. நான் வேறு ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். அமுக்குவான் என்று நாம் சொல்வதை தாய்லாந்துக்காரர்கள் பீ அம் என்கிறார்கள், ஜப்பானில் கனாஷிபாரி என்கிறார்கள், இரும்பால் கட்டிப்போட்டது என்று அர்த்தம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருகிறாள் என்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத ஊர்களில் எல்லாம் இதே பாரத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே நம் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்கள், காரணம்தான் வேறு. அதனால், மருமகளே, அத்தையிடம் எதிர்த்து நிற்க வேண்டாம். பாக்குவெட்டி இருந்தால் இருக்கட்டும், பயம் குறைந்து தூங்கினால் அதுவும் நல்லதுதானே? கோயிலுக்கும் போய் வாருங்கள். ஆனால் வேப்பிலையால் அடிப்பது, பட்டினி போடுவது, பேய் பிடித்தவள் என்று நாலு பேரிடம் சொல்வது, இதற்கெல்லாம் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படிச் செய்தார்கள், அவள் அதற்கப்புறம் தூங்கவே பயந்தாள், தூக்கம் கெடக் கெட அது இன்னும் அதிகமாக வந்தது.

எனக்குச் சின்ன வயதில் இது வரும்போது நான் கத்துவதாக நினைப்பேன், வெளியே கேட்டது "ம்ம்" என்ற முனகல் மட்டும்தான். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். முனகல் கேட்டால் எழுந்திருக்காமலே காலை நீட்டித் தன் பாதத்தால் என் பாதத்தைத் தொடுவார். தொட்ட நொடியில் விட்டுவிடும். அத்தையைப் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

தன்லின்_மருமகள்

உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாள் ஆயிற்று, அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் பேசி, ஒரு ராத்திரி அவர்கள் எழுந்து இரண்டு வீட்டுத் தொட்டியையும் நிரப்புவது, மறுராத்திரி நான் எழுவது என்று வைத்துக்கொண்டோம். சோற்றை விறகு அடுப்பிலேயே சாயங்காலம் வைத்துவிடுகிறேன். ஒருக்களித்துப் படுக்கிறேன்.

ஒரே ஒரு தடவை வந்தது, நான் எழுந்த ராத்திரியில்தான். பயம் வந்தது, ஆனால் மூச்சு ஓடுகிறது, மூச்சு ஓடுகிறது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், பெருவிரல் அசைந்தது. அத்தைக்கு முனகல் கேட்டு அதற்குள் கையைப் பிடித்துவிட்டார்.

அப்புறம் இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. அத்தை வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் தனக்கும் வந்ததாகச் சொன்னார். மாமாவிடம் கூடச் சொன்னதில்லையாம். அவருக்கு வந்த ஆள் வலையைத் தொடமாட்டாராம், கதவோரம் உட்கார்ந்து இருமுவாராம். எனக்கு வருகிறவர் எந்தப் பக்கம் நிற்பார், எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்டார். பாக்குவெட்டியை எடுத்துப் பாக்கு வெட்டினார், திரும்ப வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. விடுபடுவதற்குக் கொஞ்சம் முன்னால் காதுக்குள் ட்ரான்ஸ்ஃபார்மர் இரைவது போல ஒரு சத்தம், உடம்பு முழுக்க அதிருகிறது. முன்பும் இருந்தது, பயத்தில் கவனிக்கவில்லை. இது உங்களுக்கும் உண்டா?

இரவு_டூட்டி

உண்டு தங்கச்சி, எனக்கு அது தேன்கூடு மாதிரி கேட்கும். நிறையப் பேர் சொல்வதுதான். அந்தச் சத்தம் வந்தால் முடியப் போகிறது என்று எனக்கு நானே அடையாளம் வைத்திருந்தேன். அடுத்த தடவை கவனித்துச் சொல்லுங்கள், உங்களுக்கும் அப்படித்தானா என்று.