டெஸ்ட் டிரைவுக்கு நண்பனையும் அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (கடலூர் வாசகர்):
வணக்கம். அடுத்த வாரம் நானும் பள்ளிக்கால நண்பனும் புதுச்சேரிக்குச் சென்று, ஹூண்டாய் ஐ20 என் லைன், ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி ஆகிய இரண்டையும் ஓட்டிப் பார்க்க இருக்கிறோம். ஓட்டும் இன்பத்துக்காகவே கார் வாங்க விரும்பும் எனக்கு எது பொருந்தும்? நண்பன் உடன் வருவதால் பயன் உண்டா?

லாஸ்பேட்டை வாசகர்:
கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஓட்டும்போது நம் கவனம் முழுவதும் சாலையில் இருக்கும்; பின்னிருக்கையில் முழங்கால் இடிக்கிறதா, வேகத்தடையில் முதுகு அதிர்கிறதா என்பதெல்லாம் உடன் வருபவருக்குத்தான் தெரியும். விர்ட்டஸின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் 150 பிஎஸ் திறனும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. காலாப்பட்டு தாண்டியதும் நான் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தியபோது, அதுவரை ஓயாமல் பேசிவந்த என் நண்பர் சட்டென்று மௌனமாகி, கூரையோரக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டதை இன்றும் மறக்கவில்லை. ஐ20 என் லைனில் இருப்பது 1 லிட்டர் டர்போ. 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். ஆயினும் 4 மீட்டருக்குள் அடங்கும் அந்த வண்டி நெரிசலான தெருக்களில் வளைந்து நெளிந்து செல்லும் சுகமே தனி.

அரியாங்குப்பம் வாசகர்:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். ஒரு விற்பனையகத்தில் எனக்கு 2 கிலோமீட்டர் மட்டுமே கொடுத்தார்கள். அதில் கிளட்ச் கூடப் பழகவில்லை. ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலைவரை ஓட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இருவரும் ஓட்டுநர் உரிமத்தைக் கையோடு கொண்டுசென்றால், திரும்பும்போது நண்பரும் ஓட்டலாம்.

கடலூர் வாசகர்:
மிக்க நன்றி. இன்றே பேசிவிடுகிறேன்.