சோலார் ஹீட்டர் வெந்நீர் லைனில் ஏர்லாக்

கேள்வி: ஊர் புளியரை. மாடித் தண்ணீர் டேங்க் காலியாகி நிரம்பியதிலிருந்து சோலார் வெந்நீர் குழாய் புஸ்ஸென்று காற்று விட்டு நின்றுவிடுகிறது. பச்சைத்தண்ணீர் நன்றாக வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: ஏர்லாக்தான், அதாவது குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாயில் இரண்டு திருகையும் முழுசாகத் திறந்து, குழாய் வாயை மடித்த ஈரத்துணியால் ஒரு நிமிடம் இறுக்கி அடையுங்கள். பச்சைத்தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் ஏறி, காற்றை மாடி ஏர்வென்ட் (காற்று வெளியேறும் குழாய்) வழியே தள்ளிவிடும். கை எடுக்கும்போது கொதிநீர் பாயும், கவனம்.

கேட்டவர்: வந்துவிட்டது, நன்றிண்ணே! லைன் கைப்பிடிச்சுவர் மேல் ஏறி இறங்குகிறது. அதனாலா?

பதில் 2: அதேதான். அந்த மேட்டில்தான் காற்று தங்கும், டேங்க் காலியானால் திரும்பவும் அடைக்கும். மேட்டிலேயே டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அரை இஞ்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) வென்ட் குழாயை மாடித் தண்ணீர் டேங்க் நீர்மட்டத்துக்கு ஒரு அடி மேலே கொண்டுபோங்கள். தாழ்ந்தால் தண்ணீர் வழியும். நுனியை அடைக்கவே கூடாது, எல்போ (வளைவு இணைப்பு) போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் போதும். உங்கள் பக்கத்துச் சாரல் காற்றுக்கு கிளாம்ப் கட்டாயம்.