கோல்டு ஃபிஷ்ஷை வெளித் தொட்டியில, குளத்துல விட்டவங்க அனுபவம் சொல்லுங்க

பொள்ளாச்சிக்காரன்:
மகன் ஹாஸ்டலுக்குப் போனதும் அவனோட மீன்தொட்டி என் பொறுப்பாச்சு. "சின்னத் தொட்டியில வெச்சா சின்னதாவே இருக்கும்"னு கடையில சொல்லி வித்திருக்காங்க. எல்லாம் உள்ளங்கை நீளம், திரும்பவே இடமில்லை.

சித்தி தோப்புல ஒரு சிமெண்ட் தொட்டி. இடுப்பளவு தண்ணி, ஓரமா அல்லி, அடியில வேலம்பாசி. கிளம்புறதுக்கு முதல் நாளே தீனியை நிறுத்திட்டேன். வழியில கவர் தண்ணி கெடாது. வெயில் தாழ்ந்ததும் கவரைத் தொட்டியில மிதக்க விட்டு, டம்ளர் டம்ளரா போர் தண்ணிய உள்ளே ஊத்தினேன். வீட்டுத் தண்ணிக்கும் போர் தண்ணிக்கும் உப்பே வேற, சட்டுன்னு கவுத்தா மீன் தாங்காது. சித்திக்குப் பொறுமை போயிடுச்சு: "ஏங்கண்ணு, மாப்ள அழைப்புக்குக்கூட இவ்ளோ நேரம் ஆகாதே!"

ஒத்தை வால் மீனுங்க வெளிய வந்ததும் அல்லி இலைக்கடியில மறைஞ்சிடுச்சு. தலையில கொண்டை வெச்ச ஒராண்டாவை மட்டும் விடல. குண்டு உடம்பு, ரெட்டை வால், கண்ணை மறைக்கிற சதை. விளிம்புல நிக்கிற மடையான் கொக்குக்குத் தப்பி ஓட அதால முடியாது. மீன் வளர்க்கிற நண்பர் வாங்கிக்கிட்டார். மத்ததுக்கு மேல நைலான் வலை, வெயில் பக்கம் ஓலைத் தட்டி. சித்திரையில தண்ணி சூடேறினா ஆக்சிஜன் குறைஞ்சிடும்.

மழைக்கப்புறம் சித்தி போன்: "யாரோ கெண்டைக்குஞ்சு கொண்டாந்து விட்டிருக்காங்க கண்ணு, ஒரே பழுப்பா இருக்குது." போய்ப் பார்த்தா நம்ம மீனோட குஞ்சு! பொறக்கும்போது பழுப்புதான், பொன்னிறம் வர மாசக்கணக்காகும், சிலது கடைசி வரைக்கும் மாறாது. கெண்டைக் குடும்பம்தானே, சித்தி சொன்னதும் தப்பில்லை.

வேளச்சேரிவாசி:
சொந்தத் தொட்டி இருந்தா சரி. எங்க அபார்ட்மெண்ட்ல ஒருத்தர் புண்ணியம்னு சொல்லிட்டு பக்கெட்டோட ஏரிக்குக் கிளம்பினார். கேட்டுலயே மறிச்சேன். தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு வாங்கின சக்கர் மீனும் இப்படித்தான் நம்ம ஏரிகளுக்குள்ள போய்ப் பெருகிடுச்சு. அமெரிக்காவுல, மின்னசோட்டா மாநிலம் பர்ன்ஸ்வில் நகராட்சி 2021-ல ஏரியில பிடிச்ச கோல்டு ஃபிஷ் படங்களைப் போட்டு, தயவுசெய்து விடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. அங்க ஆடுற ஃபுட்பால் சைஸ்! அடிச் சேத்தைக் கிளறித் தண்ணியையே கலக்கிடும். படத்தைக் காட்டினதும் மனுஷர் பக்கெட்டோட லிஃப்ட் ஏறிட்டார். இப்போ மீன் கீழ்வீட்டுப் பாட்டிகிட்ட.

ரொறொன்ரோ அக்கா:
எங்கட பின்வளவுக் குளம் தை மாசம் மேல உறைஞ்சுபோகும். மீன் அடியில அசையாமல் கிடக்கும். தண்ணி 10 பாகைக்குக் கீழ போனால் நாங்கள் சாப்பாடு போடுறேல்ல, செமிக்காது. ஐஸை அடிச்சு உடைக்கவும் மாட்டம், அந்த அதிர்வு மீனுக்குக் கூடாது; கேத்தில்ல சுடுதண்ணி கொதிக்க வச்சு ஒரு ஓட்டை உருக்குவம். ஆக்சிஜன் இல்லாத நேரம் இந்த மீன் உடம்பில சேருற லாக்டிக் அமிலத்தை மதுசாரமா மாத்தி வெளிய விடுமாம். அது எப்படி நடக்குதெண்டு ஒஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆக்கள் 2017-ல விளக்கினவை. இதைச் சொன்ன நாளில இருந்து இவர் குளத்தடிக்குப் போகேக்க "குடிகாரரைப் பாத்திட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறார். எங்களுக்கு வில்லன் ரக்கூன்தான். குளத்தின்ர ஓரம் சரிவா இல்லாமல் நேர இறங்கினால் அது நிண்டு பிடிக்க இடமிராது.